களக்காடு கூப்பிடவில்லை

சரஸ்வதி பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரி ஏணியில் ஏறினாள். ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை நம்பி ஒப்படைத்திருக்கும் ஒரே வேலை அது. மேலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. அதைத் திறந்து பார்த்தவள் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

“என்னங்க, பிளாப்பிக்குப் பொட்டு வச்சிருக்கு! இதுக்குச் சடங்கு கிடங்கு சுத்துனீங்களா?”

வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் போடும் கறுப்புப் பிளாப்பி. லேபிளில் உம்முடைய கோணல் எழுத்தில் ‘களக்காடு’. அதற்குக் கீழே ஒரு டெலிபோன் நம்பர் இருந்த இடத்தில் நீல மசி கரைந்து, மேகம் மாதிரி பரவிக் கிடந்தது. இரும்புத் தகட்டின் விளிம்பில் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம் கருத்துப்போயிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாசனை வந்ததா, நானே வரவழைத்துக்கொண்டேனா தெரியவில்லை. ஏணியை விட்டுவிட்டேன். அவள் மேலே நின்றுகொண்டு போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

உமக்கு இந்தப் பிளாப்பியைத் தெரியும். காணாமல் போய்விட்டது என்று நான் உம்மிடம் சொன்ன பிளாப்பி இதுதான் வே.

நீர் போய் எட்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை, போன பிறகு எழுதுகிறவனைப் போல ஒரு கோமாளி உண்டா? நான் தொழில்முறைக் கோமாளி. பத்திரிகையில் நகைச்சுவை எழுதி, பேருந்தில் பக்கத்து சீட்காரரிடம் அதை நானே வாசித்துக் காட்டி, அவர் சிரிக்காவிட்டால் விளக்கமும் சொல்கிற ஜாதி. ஆனால் இதை மட்டும் யாரிடமும் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன். மூன்றாவது வரியில் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நம் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியை நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷனில் தலைமை ஆபீஸ், பேட்டையில் குடோன், அம்பை, நாங்குநேரி, களக்காடு, திசையன்விளை என்று நாலு கிளைகள். தொண்ணூறுகளின் பின்பாதி. எல்லா இடத்திலும் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, அதற்கு ஒரு மோடமும் வைத்தார். ஒரு கிளையில் மருந்து தீர்ந்தால் அந்த மிஷின் மற்ற மிஷின்களுக்கு டெலிபோன் போட்டு, “உன்னிடம் இருக்கா?” என்று கேட்க வேண்டும். கேள்விப்பட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்குப் போன் போடுவது, எந்த நம்பரில் போடுவது என்பதை ஒவ்வொரு மிஷினிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தோம். டெலிபோன் இலாகாவோ, பொழுது போகாதபோதெல்லாம் நம்பருக்கு முன்னால் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு கிளையின் நம்பர் மாறினால் மற்ற எல்லாக் கிளையிலும் திருத்த வேண்டும். திருத்தியதைப் பிளாப்பியில் போட்டு, அதை என் பையில் போட்டு, என்னை பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். அம்பையில் திருத்திவிட்டுத் திசையன்விளை போய்ச் சேர்வதற்குள் அம்பை நம்பரே மாறியிருக்கும். நம் நெட்வொர்க்கின் வேகம் என்பது அன்றைக்கு அம்பை பஸ்ஸின் வேகம்.

ஒருநாள் நான் களைத்து வந்து உட்கார்ந்தபோது நீர் சொன்னீர். நீர் திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரைக்காரர். அப்பா மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர்.

“எங்க கரையில வள்ளம் வந்தா மொத வேலை என்னன்னு நினைக்கீரு வே? ஏலக்காரன்ட்ட, ‘நான் வந்துட்டேன், என்ட்ட இன்ன மீன் இருக்கு’ன்னு சொல்லணும். வியாபாரி வள்ளம் வள்ளமாத் தேடி அலையமாட்டான். ஏலக்காரன்ட்ட கேப்பான். இன்னைக்கு வந்து சொல்லாத வள்ளம் இன்னைக்குக் கணக்குலயே இல்ல. நேத்து வந்துச்சேன்னு நேத்து மீன விக்க முடியுமா?”

“அப்ப கம்ப்யூட்டருக்கு ஏலக்காரன் எங்க வே கிடைப்பான்?”

“நாம செய்வோம்.”

செய்தீர். ஜங்ஷன் ஆபீஸில் ஒரு மிஷினைத் தனியாக வைத்து அதற்கு ‘விசாரணை’ என்று பெயர் போட்டீர். காலை ஏழரைக்கு ஒவ்வொரு கிளையும் அதைக் கூப்பிட்டு, “இருக்கேன், இதுதான் என் நம்பர், என்னிடம் இன்னின்ன மருந்து இருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். மருந்து தேடுகிறவன் விசாரணையைக் கேட்டால் போதும். கூப்பிடாத கிளையின் பெயரை அன்றைக்கு அது அடித்துவிடும். கிளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு நம்பர். நான் அடுத்தவன் எழுதிக்கொடுத்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலையும்போதெல்லாம் நீர் சொல்லுவீர்: “பட்டியல நம்பாதீரும் வே. கூப்பிட்டுப் பாரும்.”

களக்காடு கிளையைப் பார்த்துக்கொண்ட பிச்சையா அண்ணாச்சிக்கு முதலில் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, மனசு நிறையச் சந்தேகம். “கடக்கரைத் தம்பி சொல்லுதாரு. மிஷின் மிஷின்கிட்ட பேசுமாம். எம் பொண்டாட்டியே என்கிட்டப் பேச மாட்டேங்கா” என்பார். பிறகு இரண்டு தடவை பாம்புக்கடி வந்தது. வாழைத்தோட்டத்து ஊர், வராமல் இருக்குமா? இரண்டு தடவையும் அங்கிருந்த டாக்டர் கையிருப்பு விஷமுறிவு மருந்துக் குப்பி தீர்ந்து ஆள் அனுப்ப, அண்ணாச்சி விசாரணையைக் கேட்க, எந்தக் கிளையில் குப்பி இருக்கிறதென்று சில நிமிஷத்தில் பதில் வந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணாச்சி காலையில் முருகனுக்கு அடுத்தபடியாக மிஷினைக் கும்பிட ஆரம்பித்தார். டாக்டரும் நம்ப ஆரம்பித்தார். அந்த நம்பிக்கையைத்தான் நான் சந்தனம் தடவி அழித்தேன்.

ஜங்ஷன் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. விசாரணை பேட்டைக் குடோனுக்குப் போனது. அது வேறு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், அதனால் வேறு நம்பர். எல்லாரும் எல்லாவற்றையும் யாரிடம் கேட்கிறார்களோ, அந்த மிஷினின் முகவரியே மாறுகிறது. அதை யாரிடம் கேட்பது? நீர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் பழைய வழிதான்: ஆளே நேரில் போய்ப் பிளாப்பி போட வேண்டும். பூஜை விடுமுறையில் செய்வது என்று முடிவானது.

“அஷ்டமில எதையும் நகத்தக் கூடாது வே” என்றேன்.

“எனக்கு அஷ்டமியும் கிடையாது, நவமியும் கிடையாது. மாதா பாத்துக்கிடுவா. நீரு பிளாப்பியப் பாத்துக்கிடும்.”

அஷ்டமியில் மிஷின் போனது. நவமியன்று அம்பைக்கும் திசையன்விளைக்கும் நீர். நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நான். ஒவ்வொரு பிளாப்பியையும் மூன்று தடவை படித்துச் சரிபார்த்தீர். போதாததற்கு லேபிளிலும் மசியால் புது நம்பரை எழுதினீர். “நீரே உள்ள போடணும். அது இங்கன கூப்பிட்டு ‘இருக்கேன்’னு சொன்ன பொறவுதான் நீரு பஸ் ஏறணும். கேட்டுதா?”

கேட்டது வே. நாங்குநேரியில் ஒழுங்காகவும் செய்தேன். பிறகு களக்காடு. அங்கே போனால் கடையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வெள்ளையடித்து, மாவிலை கட்டி, தராசுக்கு, ஸ்டாப்லருக்கு, டெலிபோனுக்கு எல்லாம் பொட்டு. கம்ப்யூட்டருக்குச் செவ்வந்தி மாலை.

“பூ சாத்தியாச்சு தம்பி. நாளைக்குக் காலைல பூஜை முடிச்சுத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொடலாமா? நீங்களே சொல்லுங்க, சைவ வீட்டுப் பிள்ளை.”

நான் சொல்லியிருக்க வேண்டியது, “அண்ணாச்சி, அஞ்சு நிமிஷ வேலை, சாமி கோவிக்காது.” ஆனால் அன்று சாயங்காலம் நவமி கழிந்ததும் டவுனில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. பரண் ஏணியில் நின்று சத்தம் போட்டாளே, அவளைத்தான். இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் முகம் கழுவக்கூட நேரமில்லை. அண்ணாச்சி வேறு இலையில் சுண்டலும் வடையும் வைத்துவிட்டார். வடையைக் கடித்தபடி பிளாப்பியை நீட்டினேன்.

“நாளைக்கு நீங்களே போட்டுருங்க அண்ணாச்சி. மாலையை எடுத்துட்டு, பிளாப்பிய உள்ள தள்ளி, ஒரு பட்டனைத் தட்டுனாப் போதும். அதுவரைக்கும் இவரும் சாமிகிட்டயே இருக்கட்டும். புது ஆளுலா, பொட்டு வச்சு உக்கார வைங்க, அப்பத்தான் நம்ம பேச்சக் கேப்பாரு.”

சொன்னதோடு விட்டேனா? சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து லேபிளில் ஒரு பொட்டும் வைத்தேன். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. நாளைக்கு உம்மிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பஸ்ஸில் வசனம்கூடத் தயார் செய்தேன்.

நான் வைத்தது ஒரு பொட்டு. அண்ணாச்சி நம்பிக்கைக்காரர், அபிஷேகமே செய்துவிட்டார். தீர்த்தம் தெளித்தார். மசி கரைந்தது. இரும்புத் தகடு பளபளவென்றிருக்கிறதே, அதுதான் முகம் என்று நினைத்து அதை விலக்கி, உள்ளேயும் சந்தனம் வைத்தார்.

விஜயதசமி காலை நாம் இருவரும் பேட்டைக் குடோனில் உட்கார்ந்திருந்தோம். ஏழரைக்கு நாங்குநேரி கூப்பிட்டது. அம்பை கூப்பிட்டது. கொஞ்சம் பிந்தித் திசையன்விளை. எட்டு ஆகியும் களக்காடு இல்லை.

“பிளாப்பிய நீரே போட்டீரா வே?”

“போட்டேம்லா. பொட்டு வச்சு, பூ வச்சு, ஆரத்தி எடுத்துப் போட்டேன்.”

நீர் சிரிக்கவில்லை. “‘இருக்கேன்’னு சொல்லிச்சா?”

“சொல்லிச்சு வே” என்றேன். பார்த்த பெண் பிடித்துவிட்டிருந்தது. அந்த மயக்கத்தில் பொய் சந்தனம் மாதிரி வழவழவென்று வந்தது.

நீர் களக்காட்டுக்கு டெலிபோன் போட்டீர். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. ஒன்பது மணிக்கும் பிஸி. “விஜயதசமி வே, அண்ணாச்சி மகளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கிட்டிருப்பாரு” என்றேன். உண்மை என்னவென்றால், பிளாப்பியைப் படிக்க முடியாத களக்காட்டு மிஷின், செத்துப்போன பழைய ஜங்ஷன் நம்பரையே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது இல்லாத ஒருவரைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால்தான், இருக்கிற உம்மால் அதைக் கூப்பிட முடியவில்லை.

அந்த நேரத்தில் களக்காட்டு டாக்டரிடம் செல்லத்தாய் என்ற பெண் கிடந்தாள். விடிந்ததும் வாழைத்தோட்டத்தில் சருகு பொறுக்கப் போனவளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. டாக்டர் இருந்த குப்பிகளை ஏற்றிவிட்டார். இன்னும் பத்துக் குப்பியாவது வேண்டும். அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார்: “பத்து நிமிஷம் டாக்டர். நம்ம மிஷின் சொல்லிரும்.” இரண்டு தடவை சொன்ன மிஷின்தானே. காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. லேபிளைப் பார்த்தால் நம்பர் இல்லை, நீல மேகம். சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்த கிளை நம்பர்களெல்லாம் பூஜை வெள்ளையடிப்பில் போய்விட்டன. டைரக்டரியில் போன வருஷத்து நம்பர். எந்தக் கிளையில் குப்பி இருக்கிறதென்றும் தெரியாது. அண்ணாச்சி தன் மச்சானை ஜங்ஷனுக்கு பஸ் ஏற்றினார். மச்சான் வந்து பார்த்தது பூட்டிய ஆபீஸை.

பதினொன்றரைக்கு நீர் எழுந்தீர். “கூப்பிடாதவன அடிச்சிருன்னு நானே மிஷினுக்குச் சொல்லி வச்சேன். ஆனா மனசு கேக்கல வே. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.” மோட்டார் சைக்கிளை எடுத்தீர். பின்னால் நானும் ஏறியிருக்கலாம். “பைய போயிட்டு வாரும்” என்று கையைக் காட்டினேன்.

நாங்குநேரிக் கிளை வாசல் வழியாகத்தான் போனீர். அந்தக் கிளையின் ஃபிரிட்ஜுக்குள் பதினாலு குப்பி இருந்தது. காலையில் விசாரணைக்கு வந்த பட்டியலில் அதை நீரே படித்திருந்தீர். களக்காடு போய், பிளாப்பி படிக்கவில்லை, குப்பி வேண்டும் என்று மட்டும் தெரிந்ததும் ஒரு நிமிஷம் செலவழித்துப் புது நம்பரைக் கையால் அடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தீர். செல்லத்தாய் பிழைத்தாள். வலது கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மறுநாள் நான் களக்காடு போனேன். அண்ணாச்சி என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், மடியில் ஒளித்து வைத்திருந்த பிளாப்பியை எடுத்து நீட்டிவிட்டு அழுதார். “சாமி காரியம்னு நினைச்சேன் தம்பி. மொதலாளிட்ட சொல்லிராதீக. கடக்கரைத் தம்பிட்டயும் சொல்லிராதீக.”

“சொல்லமாட்டேன் அண்ணாச்சி” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உலகத்தில் இதைவிடக் கேவலமான ஒரு கருணையை யாரும் காட்டியிருக்க முடியாது. நான் அவரைக் காப்பாற்றுவதாக அவரும் நம்பினார், கொஞ்ச நேரம் நானும் நம்பினேன்.

முதலாளி அறையில் விசாரித்தார்கள். “பிளாப்பி எங்க?” என்றார் முதலாளி. “அந்தக் கூட்டத்துல எங்கயோ தொலைஞ்சிருச்சு மொதலாளி” என்றேன் நான். அது என் பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது.

“ஒத்த நம்பர நம்பி ஊரு பூராவையும் கட்டிப் போட்டது யாருலே?”

நீர் எழுந்து நின்றீர். “நான்தான் மொதலாளி. விசாரணைய ரெண்டா வச்சிருக்கணும். ஒண்ணு போனா இன்னொண்ணு சொல்லியிருக்கும். என் தப்புதான்.”

எனக்கு எதிரே சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதில் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டில் குறித்திருந்த தேதி கட்டத்துக்குள் இருந்தது. வேலை இல்லாதவனுக்கு டவுனில் பெண் தரமாட்டார்கள். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. இருமினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த வாரமே உம் வேலை போனது. என் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது விசில் அடித்து, என் மாமனாரிடம் திட்டு வாங்கினீர். மறுவாரம் சென்னைக்கு ரயில் ஏறினீர்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். காலை ஏழரை. டெலிபோன் அடிக்கும்.

“இருக்கீரா வே?”

“இருக்கேன் வே.”

சில வாரம் அதோடு வைத்துவிடுவீர். சில வாரம் ஊர்க்கதை. யார் யாரோடு ஓடிப்போனார்கள், எந்த மாமனார் எந்த மருமகனை வெளுத்தார் என்று நான் அவிழ்த்துவிட, நீர் அங்கே குலுங்கிச் சிரிப்பீர். உம் வேலையைப் பற்றியும் சொல்லுவீர். “நம்ம விசாரணை செஞ்ச வேலையத்தான் இப்ப உலகம் பூரா செய்யுதான் வே. ஆயிரம் மிஷின் இருந்தாலும் ஒவ்வொண்ணும் ‘இருக்கேன், இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருக்கணும். ஆனா நம்மள மாதிரி ஒண்ண நம்புறதில்ல. மூணு வைக்கான், அஞ்சு வைக்கான். ஒண்ணு செத்தா மத்ததுக கூடிப் பேசி முடிவெடுக்கும்.” பிறகு அந்தக் கேள்வி. எப்போதும் புதிதாகக் கேட்பதுபோல.

“ஆமா, அந்தக் களக்காட்டுப் பிளாப்பி ஏன் வே படிக்கல? மூணு தடவ சரிபாத்தேனே.”

“பழைய கதை வே, விடும்.”

“இல்ல, நான் எழுதின டிரைவ்லதான் கோளாறு இருந்திருக்கணும். எழுதுற ஹெட் விலகியிருக்கும். நான் கவனிச்சிருக்கணும்.”

ஒரு வரி போதும். ‘நான் சந்தனம் வைக்கச் சொன்னேன்.’ இத்தனை வருஷ ஞாயிறுகள், ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரிக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக்கை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்தேன். என்னை நகைச்சுவை எழுத்தாளன் ஆக்கியதே அந்தப் பயிற்சிதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிறு டெலிபோன் அடிக்கவில்லை. கூப்பிடுகிறவர் எப்போதும் நீர்தான். நான் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்காவது கூப்பிட்டிருக்க வேண்டாமா? சர்ச்சுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு இட்லி கேட்டேன். புதன்கிழமை உம் மகள் பேசினாள். ஞாயிறு விடியலிலேயே முடிந்துவிட்டதாம். என் நம்பர் உம் மனதில் மட்டும்தான் இருந்திருக்கிறது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தேடி எடுக்க அவளுக்கு மூன்று நாள்.

அடக்கத்துக்குப் பிந்திப்போய்ச் சேர்ந்தேன். அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். “அங்கிள், அப்பா ஆஸ்பத்திரில ஏதோ ஒரு பிளாப்பியப் பத்தியே பேசிட்டிருந்தாங்க. ‘என் கைப்பிழை, என் கைப்பிழை’ன்னு. என்னது அது?”

உம் கண் அவளுக்கு. அப்படியே உம் கண். நான் சொன்னேன், “அது எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழைய தமாஷும்மா.”

அவள் சிரித்தாள் வே. அப்பாவை நினைத்துக் கொஞ்சம் ஆறுதலாகச் சிரித்தாள். நான் வெளியே போய்ச் செருப்பைத் தேடுவதுபோல் நெடுநேரம் குனிந்து நின்றேன்.

பிளாப்பி பரணிலிருந்து இறங்கிய மறுநாள், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு களக்காடு பஸ் ஏறினேன். பிச்சையா அண்ணாச்சி போய் வெகுகாலமாகிறது. அவரைக் காரணம் காட்டவும் இனி வழியில்லை. செல்லத்தாய் கடைத்தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். நீர் ஒவ்வொரு வருஷமும் அவளைப் போய்ப் பார்த்து வந்து சொல்லுவீர். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தபடியே மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியில் மருந்துக் கம்பெனியில் இருந்தவன் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தக் கடக்கரை அண்ணாச்சிக்குத் தெரிஞ்சவகளா? வருசா வருசம் தசராவுக்கு வருவாக. வந்து, ‘நல்லாருக்கியா தாயி, மன்னிச்சிரு தாயி’ம்பாக. எதுக்கு மன்னிக்கணும், அவுகதான மருந்து கொண்டாந்தாக? இந்த வருசம் காணோமே. நல்லா இருக்காகளா?”

பையிலிருந்த பிளாப்பி நெஞ்சில் உறுத்தியது. இரண்டையும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். நீர் இல்லை என்பதை, தப்பு என்னுடையது என்பதை. வாயைத் திறந்தேன்.

“இருக்காரு தாயி. கொஞ்சம் முடியல. அதான் வரல.”

“கேட்டதாச் சொல்லுங்க” என்று இரண்டு இட்லி கூடவே வைத்தாள். சாப்பிட்டேன். செத்துப்போன நம்பரைப் பட்டியலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன் வே, மறுபடியும். அன்றைக்கு மிஷினில் விட்டேன். இன்றைக்கு அவள் மனதில்.

இன்று ஞாயிறு. மணி ஏழரை தாண்டிவிட்டது. பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களை வீட்டுக்காரி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பிளாப்பி என் மேஜையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லேபிளில் கரைந்துபோன அந்த நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடம். பெண்டாட்டி பிறந்தநாள் நினைவில்லாதவனுக்கு இது மட்டும் எப்படி நிற்கிறதோ. சற்று முன் அந்த எண்களை டெலிபோனில் அழுத்தியும் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. தெரிந்துதான் கூப்பிட்டேன். பட்டியலை நம்பாமல் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னவர் நீர்தானே.

இந்த மடலை மூன்று பிரதி எடுக்கப் போகிறேன். ஒன்றை நம்பக் கூடாது என்றீரே. ஒன்று உம் மகளுக்கு. ஒன்று செல்லத்தாய்க்கு, அவள் வாசித்துக் கேட்க ஆள் பிடித்துக்கொள்வாள். ஒன்று என் வீட்டுக்காரிக்கு. அவளை நான் எந்தச் சந்தனக் கையோடு பெண் பார்க்க வந்தேன் என்று அவளுக்கும் தெரிய வேண்டும். தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும் தைரியம் இருக்கிறதா என்று கேட்காதீரும். எனக்கே தெரியாது. இதற்கு முன்னால் எழுதிக் கிழித்தவை நிறைய.

ஆனால் இந்த வாரக் கூப்பாட்டை நானே போட்டுவிடுகிறேன். கேட்டுக்கொள்ளும்.

இருக்கேன் வே. உம் டிரைவில் கோளாறு இல்லை. ஹெட் விலகவில்லை. மூன்று தடவை சரிபார்த்தீர், மூன்று தடவையும் சரியாகத்தான் இருந்தது. உம் பிளாப்பி நல்ல பிளாப்பி வே.